கை நனைக்கிற ஞாயிறு

லாரன்ஸுக்கு மீன் வெட்டத் தெரியும். செதில் சீவி, செவுள் பிடுங்கி, குடல் எடுத்து, கேட்ட பருமனில் துண்டு போட்டுக் கொடுப்பதில் அவன் அம்மா தேசம்மாவையே மிஞ்சிவிடுவான். அடையாறு ஊரூர் குப்பத்தில் பிறந்து மீன் வாடையிலேயே வளர்ந்தவன். வாடை அவனை ஒன்றும் செய்ததில்லை. மீன் வாய்க்குள் போனால்தான் வினை.

சதை பல்லில் பட்டு இதழ் இதழாகப் பிரியும் அந்த நொடியில் நாக்கு அதை வெளியே தள்ளும். வேண்டாம் என்று அவன் நினைப்பதற்கு முன்பே தொண்டை கதவைச் சாத்திக்கொள்ளும். ருசி பிடிக்கவில்லையா என்று கேட்பார்கள். ருசி வரைக்கும் அவன் போனதே இல்லை.

மீனோடு நின்றிருந்தாலாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். தயிர், வாழைப்பழம், கத்திரிக்காய், சாம்பாரில் ஊறிய இட்லி, உப்புமாவில் திடீரென்று தட்டுப்படும் வெங்காயம் எல்லாமே அவனுக்கு ஒரே கதைதான். வழுவழுப்பாக இருக்கக் கூடாது, குழையக் கூடாது, மேலே மொறுமொறுவென்று இருந்து உள்ளே மெத்தென்று ஏமாற்றக் கூடாது. முறுகல் தோசையின் ஓரம், கல்லில் வாட்டிய ரொட்டி, அப்பளம், பொரி, உதிரியாக வடித்த வெறும் சோறு. முப்பதை நெருங்கும் ஆண்பிள்ளை இவற்றைத் தின்றுதான் உயிரோடு இருந்தான். ஒரு டாக்டரிடம் போனான். அவர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, எல்லாம் சாப்பிட்டுப் பழகணும் தம்பி என்றார். பழகத்தான் போகிறோம் என்று நம்பிக்கொண்டு வெளியே வந்தான். இது உடம்பில் இருக்கிற கோளாறா, தன் திமிரா என்று அவனுக்கே தெரியாது. பாதி நாள் திமிர் என்றுதான் நினைத்துக்கொள்வான்.

மீன்காரி பிள்ளை மீன் தின்னமாட்டான் என்பது குப்பத்தில் எவ்வளவு பெரிய கேலி என்று வெளியாருக்குச் சட்டென்று விளங்காது. சின்ன வயதில் ஒரு சொந்தக்காரக் கல்யாணத்தில், சித்தப்பா முறையான ஒருவர் அவன் தாடையைப் பிடித்து வஞ்சிரத்தை வாயில் திணித்தார். பந்தியிலேயே அவன் வாந்தி எடுத்தான். சிரிப்பும் திட்டும் ஒன்றாகக் கிளம்பின. வளர்த்தவளைச் சொல்லணும் என்று யாரோ ஆரம்பித்தபோது தேசம்மா வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டாள். பிள்ளை ஜுரத்தில் கிடந்தபோது வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டேன், இவனுக்குக் கல்யாணம் கூடுகிற வரைக்கும் மீன் தொடமாட்டான் என்றாள். சிரித்த வாயெல்லாம் மூடிக்கொண்டது. திணித்த சித்தப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அந்த ஒரு பொய் இத்தனை வருஷமாக அவன் தலைக்கு மேல் குடையாக நின்றது. யாரும் அவன் இலையில் மீன் வைப்பதில்லை. கோவில் பெரியவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு அவனைக் காட்டிப் புத்தி சொன்னார்கள். தேசம்மா யோசிக்காமல் விட்டது கெடுவைத்தான். பள்ளிக்கூடம் போகிற பையனுக்குக் கல்யாணம் என்பது எங்கேயோ அக்கரையில் இருந்தது. அது இப்போது கரைக்கு வந்துவிட்டது.

வந்தவள் பெயர் ஜாஸ்மின். பட்டினப்பாக்கத்துக்காரி. மயிலாப்பூர் தெற்கு மாட வீதிப் பக்கம் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் சாயங்காலம் கம்ப்யூட்டரில் கணக்கு எழுதும் டேலி வகுப்பு நடக்கும். பகலில் அவன் பாண்டி பஜாரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் விளிம்பைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவான். அவள் மந்தைவெளியில் ஒரு மருந்துக் கடையில் பில் போடுவாள். வகுப்பு முடிந்து தெப்பக்குளத்தை ஒட்டி நடக்கும்போது அவள் பஜ்ஜி வாங்குவாள், அவன் வெறும் பொரி வாங்குவான். நோஞ்சான் கோழி மாதிரி பொரி கொறிக்கிறியே என்று கேலி செய்வாள். வயிறு சரியில்லை என்பான். ஒருநாள் மீன் வறுவல் பேச்சு வந்தபோது, அவன் சொல்வதற்குள் அவளே சொன்னாள். அவனுடைய வேண்டுதலைப் பற்றிக் குப்பத்து ஆள் ஒருவர் மூலம் கேள்விப்பட்டிருந்தாளாம். அவன் தலையை ஆட்டினான். அவ்வளவுதான் அவன் செய்தது. ஒரு தலையாட்டல்.

அதற்குப் பிறகுதான் அவள் அவனை வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தாள். அவள் அப்பா ராபர்ட், ஃபைபர் படகில் பங்கு வைத்திருப்பவர், குடியை விடுகிறேன் என்று மாதாவுக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றிச் சத்தியம் செய்து, அதே வாரத்தில் உடைப்பார். மறுபடி ஏற்றுவார். இப்போது ஒரு வழியாக விட்டிருந்தார். சொன்ன சொல்லைச் சின்ன வயதிலிருந்து காப்பாற்றுகிற ஒருவன் இருக்கிறான் என்பது அவளுக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. இதை அவள் வாயாலேயே சொன்னாள். அன்று ராத்திரி லாரன்ஸுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

இரண்டு வீட்டிலும் பேசி முடித்தார்கள். பெண் வீட்டில் சும்மா தண்ணீர் குடித்து வருவது வேறு, உட்கார்ந்து சாப்பிடுவது வேறு. கை நனைத்தால் சம்பந்தம் உறுதி. நனைக்காமல் எழுந்தால் வேண்டாம் என்று அர்த்தம். எழுதி வைக்காவிட்டாலும் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. வேண்டுதல் விஷயம் தெரிந்ததும் ராபர்ட்டுக்குத் தலைகால் புரியவில்லை. கை நனைக்கிறதும் வேண்டுதலை முடிக்கிறதும் ஒரே இலையில், என் வீட்டில்தான் என்று நாள் குறித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும்.

தேசம்மா பிள்ளையைத் தயார்ப்படுத்த முனைந்தாள். குற்ற உணர்ச்சி அவளைக் குடைந்திருக்க வேண்டும், ஒரு வார்த்தை அதட்டவில்லை. காய்ந்த நெத்திலியைச் சட்டியில் போட்டு, கறுக்கிற மட்டும் வறுத்து, கண்ணாடிச் சில்லு மாதிரி நொறுங்கும்படி ஆக்கினாள். லாரன்ஸ் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைக் கடித்தான். நொறுங்கியது. இன்னொன்று. அதுவும் நொறுங்கியது. இருபக்கத்துப் பல்லிலும் மாறி மாறி நொறுக்கி, தண்ணீர் ஊற்றி உள்ளே அனுப்பினான். வெளியே வரவில்லை. தேசம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெளியே போய், பக்கத்து வீட்டில் மாவு அரைத்துக்கொண்டு இருந்தவளிடம் தேவையில்லாமல் பேசிவிட்டு வந்தாள், சந்தோஷம் தாங்காமல்.

உடனே ஜாஸ்மினுடைய அம்மா பிலோமினாவுக்குப் போன் போட்டு, பிள்ளைக்கு ரொம்ப நாள் பழக்கம் விட்டுப்போச்சு, நெத்திலி மட்டும் நல்லா முறுக வறுத்து வை, போதும் என்றாள். பிலோமினா சிரித்தே விட்டாளாம். மாதாவுக்கு நேர்ந்த வேண்டுதலை யாராவது நெத்திலியில் முடிப்பார்களா, என்ன சம்பந்தி இது, நம்மைக் கஞ்சப்பய வீடு என்று ஊர் பேசவா என்றாளாம். அவள் வீட்டுக்காரர் பெரிய கொடுவா மீனுக்குச் சொல்லி வைத்திருந்தார். அதன் தலை மாப்பிள்ளைக்கு.

கொடுவாத் தலை. அதன் கன்னத்துச் சதை வெண்ணெய் மாதிரி இருக்கும் என்று கடற்கரையில் எல்லாரும் நாக்கைச் சுழற்றுவார்கள். வெட்டும்போது விரலில் பட்டதை வைத்தே லாரன்ஸுக்கு அது என்ன என்று தெரியும். வாய்க்குள் வரக்கூடிய எல்லாவற்றிலும் அதுதான் மோசம்.

ஜாஸ்மினிடம் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தான். எந்த வார்த்தையில் தொடங்கி எந்த வார்த்தையில் முடிப்பது என்று கடையில் லென்ஸ் தேய்க்கும்போதெல்லாம் ஒத்திகை பார்த்தான். வியாழக்கிழமை வகுப்பு முடிந்து குளத்தங்கரைக்கு வந்ததும், உன்னாண்ட ஒண்ணு சொல்லணும் என்று ஆரம்பித்தான். நானும்தான் என்று அவள் முந்திக்கொண்டாள். கைப்பையிலிருந்து ஒரு மெழுகுவத்திக் கட்டை எடுத்துக் காட்டினாள். இத்தனை மாதமாகச் சனிக்கிழமை தவறாமல் பெசன்ட் நகர் மாதா கோவிலில் அவனுக்காக ஒன்று ஏற்றி வருகிறாளாம், வேண்டுதல் பழுதில்லாமல் முடியணும் என்று. இதுதான் கடைசிக் கட்டு.

"நீ இன்னா சொல்ல வந்த?" என்று கேட்டாள்.

"ஞாயித்துக்கெழம அம்மா ஒரு மணிக்கே வந்துடும். அதான்" என்றான்.

ஞாயிறு வந்தது. பட்டினப்பாக்கம் சீனிவாசபுரம் ஹவுசிங் போர்டில் ஜாஸ்மின் வீடு, இரண்டாவது மாடி. கூடத்தில் பாய் விரித்திருந்தது. மாதா படத்துக்கு முன்னால் ஜாஸ்மினுடைய மெழுகுவத்திகள் எரிந்துகொண்டிருந்தன. பெண்ணின் பெரியப்பா, பெரிய குரல்காரர், லாரன்ஸைப் பக்கத்தில் உட்காரவைத்து முதுகில் தட்டினார். உன்ன மாதிரி ஒருத்தன் என் தம்பிக்கு முன்னாடியே மாட்டியிருந்தா அவன் சாராயத்துக்குக் குடுத்த காசுல ரெண்டு படகு வாங்கியிருப்பான் என்றார். ராபர்ட்டும் சேர்ந்து சிரித்தார். தேசம்மா மட்டும் சிரிப்பதுபோல் வாயை வைத்துக்கொண்டு மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இலை போட்டார்கள். சோற்றைக் குவித்துக் குழி பறித்து, பிலோமினா அதில் குழம்பை ஊற்றிவிட்டாள். உதிரிச் சோறும் போயிற்று. பிறகு ராபர்ட்டே சட்டியோடு வந்து, இரண்டு கையாலும் கரண்டியைப் பிடித்து, கொடுவாத் தலையை இலையில் இறக்கினார். அது அவன் பக்கம் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்தது. எல்லாரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். யாரும் தங்கள் இலையைத் தொடவில்லை. மாப்பிள்ளை முதல் வாய் வைக்கட்டும் என்று காத்திருந்தார்கள். சமையலறை வாசலில் ஜாஸ்மின் நின்றாள்.

லாரன்ஸ் ஒழுங்காக யோசித்துத்தான் வந்திருந்தான். சின்னதாக எடுக்க வேண்டும், நாக்கில் படாமல் உள்ளே தள்ள வேண்டும், மூச்சை விடக்கூடாது, உடனே தண்ணீர். கன்னத்துச் சதையைக் கிள்ளினான், சோற்றில் பொதிந்தான், வாயில் போட்டான்.

சோறு பிரிந்து சதை நாக்கில் சரிந்தது. தொண்டை சாத்திக்கொண்டது. தண்ணீரை ஊற்றினான். தண்ணீர் மட்டும் இறங்கியது, சதை அங்கேயே கிடந்து இன்னும் வழுக்கிற்று. மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. ஜாஸ்மினைப் பார்த்தான். கண்ணில் நீர் நிரம்பி வழிந்தது.

"பாரு, புள்ளைக்குக் கண்ணு கலங்கிக்கினு கீது" என்றார் பெரியப்பா, குரல் தழுதழுக்க. "எத்தினி வருச நோன்பு."

பிலோமினா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ராபர்ட் மாதா படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடு முடிவதற்குள் லாரன்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தான். குழாயடி வரைக்கும் போக முடியவில்லை. பாதி கையிலும் பாதி பாய் ஓரத்திலுமாக வந்துவிட்டது.

பிலோமினா ஈரத்துணி கொண்டுவந்து துடைத்தாள். குழம்பில் காரம் தூக்கலோ என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். லாரன்ஸ் வாய் கொப்பளித்துவிட்டு வந்து நின்றான். அப்போதுதான் பெரியப்பா, இதுவரை இல்லாத மெதுவான குரலில் சொன்னார்.

"ராபர்ட்டு, எனக்கு மனசு ஒரு மாதிரி கீதுடா. மாதா ஏத்துக்கல. இந்தச் சம்பந்தம் வேணாம்னு காட்டுறா."

ராபர்ட்டின் முகம் வெளுத்தது. மெழுகுவத்திச் சத்தியங்களை உடைத்துப் பழகிய மனுஷர், இந்த மாதிரி அடையாளங்களுக்கு ரொம்பப் பயப்படுவார். ஜாஸ்மின் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் ஏற்றிய அத்தனை மெழுகுவத்தியும் வீண் என்று அவள் நம்ப ஆரம்பித்திருப்பது லாரன்ஸுக்குத் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் மாதா வேண்டாம் என்றதாக முடியும். வாயைத் திறந்தால் அவள் நம்பிய ஆள் இல்லை என்று ஆகிவிடும். இரண்டில் எது குறைந்த நஷ்டம் என்று கணக்குப் போட அவனுக்கு நேரமில்லை.

"மாதா ஒண்ணும் காட்டல மாமா" என்றான் ராபர்ட்டைப் பார்த்து. "வேண்டுதல்னு ஒண்ணு கெடையவே கெடையாது. எனக்கு மீன் எறங்காது. சின்ன வயசுலேர்ந்து எறங்காது. சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான் வேண்டுதல்னு சொல்லிக்கினு திரிஞ்சேன்."

"நான் சொன்ன பொய்யி" என்றாள் தேசம்மா. "என் புள்ள சொல்லல. நான் சொன்னது."

"நானும் தலையாட்னேன்மா" என்றான்.

பெரியப்பா எழுந்து சட்டையை உதறிக்கொண்டார். மாதா பேரிலா பொய் சொல்வாங்க என்று யாரையும் பார்க்காமல் கேட்டார். ராபர்ட் கேட்டது வேறு. மீன் எறங்காதுன்னா இன்னா அர்த்தம், நாங்க இன்னா விஷத்தையா வெச்சோம் என்றார். விடியற்காலையில் ஏலத்துக்கு முன்னாலேயே போய் நின்று எடுத்து வந்த மீனாம். லாரன்ஸ் விளக்கப் பார்த்தான். சதை பல்லில் படும்போது என்று தொடங்கினான். அந்தக் கூடத்தில், அந்த இலைகளுக்கு நடுவில், அது எவ்வளவு அற்பமாக ஒலிக்கிறது என்று அவன் காதுக்கே கேட்டது. நிறுத்திக்கொண்டான்.

"கை நனைக்காம எறங்குனா அதோட முடிஞ்சிது" என்றார் ராபர்ட். மிரட்டலாகச் சொல்லவில்லை. கெஞ்சுகிற மாதிரிதான் இருந்தது. "மீன வுடு. நம்மூட்ல ஏதாவது ஒண்ணு துன்னுட்டுப் போ."

தயிர் இருந்தது. வாழைப்பழம் இருந்தது. பிலோமினா ரவா கேசரி கிண்டியிருந்தாள். ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தாள். ஒவ்வொன்றையும் லாரன்ஸ் பார்த்தான், கை நீளவில்லை. சோறாவது எடுத்துக்க நைனா என்று தேசம்மா முணுமுணுத்தாள். பானையில் மிஞ்சியிருந்த சோறு சூட்டிலேயே கிடந்து குழைந்திருந்தது.

சமையலறையில் கரண்டி சுரண்டுகிற சத்தம் கேட்டது. கரகரவென்று, கோபமாக. ஜாஸ்மின் வெளியே வந்து ஒரு எவர்சில்வர் தட்டை அவன் முன்னால் டங்கென்று வைத்தாள். பானையில் அடிப்பிடித்துக் காய்ந்த சோறு, பழுப்பும் கறுப்புமாய், ஓடு ஓடாக. வீட்டு ஆளுக்கே யாரும் போடமாட்டார்கள். மாப்பிள்ளைக்கு அதைப் போடுவது செருப்பைக் கழற்றிக் காட்டுவதற்குச் சமம். பிலோமினா, ஏய் என்று பதறினாள்.

"இத துன்னுவான்" என்றாள் ஜாஸ்மின். "பொரி துன்றவன்தான."

லாரன்ஸ் உட்கார்ந்தான். ஒரு ஓட்டை உடைத்து வாயில் போட்டான். நொறுங்கியது. தீய்ந்த கசப்பு இருந்தது, அதனால் என்ன. இன்னொன்றை உடைத்தான். அத்தனை பேரும் பார்க்க, கடக்கு கடக்கு என்று சத்தம் வர, தட்டைக் காலி செய்தான். தன் வாழ்க்கையில் இன்னொரு வீட்டில் வைத்ததை முழுசாகத் தின்று முடித்தது அதுதான் முதல் தடவை. அதைச் சொல்லிக்கொள்ள அந்த இடம் சரியில்லை.

பெரியப்பா குனிந்து அவன் வலது கையைப் பார்த்தார். "கை நனையவே இல்லியே" என்றார்.

விரலில் கரித்தூள்தான் இருந்தது. அது கேலியா தீர்ப்பா என்று யாருக்கும் பிடிபடவில்லை. ராபர்ட் நெற்றியைத் தடவிக்கொண்டு, யோசிச்சு சொல்றோம் தேசம்மா என்றார். சம்பந்தி என்று சொல்லவில்லை. தேசம்மா செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

லாரன்ஸ் இரண்டு படி இறங்கியிருப்பான். ஜாஸ்மின் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து நின்றாள். அழுதிருந்தாள். அழுததை மறைக்கிற எண்ணமும் இல்லை.

"அவ்ளோ மெழுகுவத்தி ஏத்தினேன்" என்றாள். "மீன் துன்னலன்னா போவட்டும்னு வுட்டுத் தொலைச்சிருப்பேன். குளத்தாண்ட கேட்டேனே, அப்ப சொல்றதுக்கு இன்னா?"

அவனிடம் இருந்ததெல்லாம் பயந்தேன் என்பதுதான். அதைச் சொன்னான். அவள் அதைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

"வேற இன்னா கீது? இப்பவே சொல்லு. அப்பால ஒண்ணொண்ணா கெளப்பாத."

"தயிர்" என்றான்.

"இன்னும்?"

"வாழப்பழம். கத்திரிக்கா. முட்டை, அவிச்சது. சாம்பார்ல ஊறுனது எதுவும். உப்புமா." நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். அதில் சிரிப்பும் இல்லை, அருவருப்பும் இல்லை. மருந்துக் கடையில் சீட்டைப் படிக்கிறவள் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னும்?"

கீழே தெருவில் தேசம்மா நின்று அண்ணாந்து பார்த்தாள். அவளுக்குப் பின்னால் கடல் காற்றில் யார் வீட்டுத் துணியோ படபடத்தது. உள்ளே பெரியப்பாவின் குரல் மறுபடி உயர ஆரம்பித்தது. லாரன்ஸ் படியின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். மாம்பழம், அல்வா, பொங்கல் என்று சொல்லிக்கொண்டே போனான். ஒவ்வொன்றுக்கும் தான் சுருங்கிக்கொண்டு போவதாகத் தோன்றியது. கடைசியில் ஒன்று மிஞ்சியது. அதை விழுங்கிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தான். ஏனென்றால் அதைப் பற்றி அவள் வகுப்பில் பேப்பர் ஓரத்தில் மூன்று அடுக்காகப் படமே வரைந்து காட்டியிருக்கிறாள்.

"கேக்கு" என்றான். "கல்யாணத்துல வெட்டி ஊட்டிக்குவாங்களே. அதுவும்தான்."

உள்ளே யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் கதவுப் பிடியில் கையை வைத்தாள், திறக்கவில்லை.

"கிரீம் இல்லாம இருந்தாலுமா?" என்று கேட்டாள்.

"தெரியல" என்றான். அதுதான் நிஜம்.